மூளையைத் தொடும் சர்க்கரை



சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்து இரவொன்றில், பதினோரு மணியளவில், தென் கொல்கத்தாவில் வசிக்கும் நம்மவர் குடும்பம் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "ஐயா, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. இடது கையும் காலும் தானாகவே ஆடுகின்றன. இரண்டு நாளாக இருந்தது, இப்போது அதிகமாகிவிட்டது. உடனே வந்து ஜெபியுங்கள்" என்று மகன் பதறினார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த தாயார் அவர். வயது அறுபத்தைந்துக்கு மேல்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். முகம் தெளிவாகவே இருந்தது. என்னை அடையாளம் கண்டு, "ஸ்தோத்திரம் ஐயா" என்றார். ஆனால் இடது கை, எதையோ விரட்டுவதுபோல் வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தது. தோள் குலுங்கியது. கால் தரையில் நில்லாமல் உதறியது. வலது கையால் இடது கையைப் பிடித்து மடியில் அழுத்துவார்; அது திமிறிக்கொண்டு மீண்டும் எழும். உறவினர் ஒருவர் என் காதருகே குனிந்து, "ஊரில் யாரோ எதையோ செய்துவிட்டார்கள் ஐயா" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், நானும் அப்படியே நினைத்தேன். முக்கால் மணி நேரம் சத்தமிட்டு ஜெபித்தேன். அசுத்த ஆவியைக் கடிந்துகொண்டேன். கை அடங்கவில்லை. அச்சமயம், மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணி செய்யும் நம் சபைச் சகோதரி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் அந்தக் கையையே கவனித்தார். "அம்மாவுக்குச் சுகர் உண்டா?" என்று கேட்டார். மகன் தலையசைத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. கொல்கத்தா வெயிலுக்குத் தாகம் தாங்கவில்லை என்று, தாயார் பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். சகோதரி பையிலிருந்த கருவியை எடுத்து விரலில் குத்தினார். எண் வரவில்லை, 'ஹை' என்று காட்டியது. கருவி அளக்கக்கூடிய எல்லையைச் சர்க்கரை தாண்டிவிட்டது என்பது அதன் பொருள். பெரும்பாலான கருவிகளில் அந்த எல்லை 600 மில்லிகிராம்.

அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம். தலையை ஸ்கேன் செய்தபோது, மூளையின் வலப்பக்கத்தில் ஆழமான ஓர் இடம் மட்டும் வெண்மையாகத் தெரிந்தது. மூளையின் வலப்பக்கமே உடலின் இடப்பக்கத்தை ஆளுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். உப்புநீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். நான்கைந்து நாட்களில் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. முற்றிலும் நிற்க ஆறு வாரங்கள் ஆயின.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் 'டயாபடிக் ஸ்ட்ரையடோபதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரையேட்டம் என்பது நம் அசைவுகளுக்குக் கடிவாளமாக இருக்கும் மூளைப் பகுதி. சர்க்கரை மிக அதிகமாகும்போது சிலருக்கு அந்தப் பகுதி பழுதடைகிறது. கடிவாளம் தளர்ந்த குதிரைபோல் கை கால்கள் ஓடத் தொடங்குகின்றன. வயதான பெண்களிடத்தில், அதிலும் ஆசிய நாட்டவரிடத்தில், இது அதிகமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. சிலருக்குத் தமக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே இந்த ஆட்டத்தின் மூலமாகத்தான் தெரிய வருகிறது. நம் நகரத்தின் பாங்கூர் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி உலக மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் பிற்பாடு அறிந்தேன். நான் ஆவியைத் துரத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்தில், அந்தக் கையைக் கண்டவுடன் காரணத்தைச் சொல்லக்கூடியவர்கள் இருந்திருக்கிறார்கள்!

சர்க்கரை வியாதி என்றால் பாதத்தில் புண், சிறுநீரகம், கண் என்று நாம் பேசுவோம். பாதத்தில் ஏற்படும் எரிச்சலும் மதமதப்பும் கைகால் நரம்புகளின் சேதம். அதைப் பலரும் அறிவார்கள். ஆனால் மூளையும் தண்டுவடமும் சேர்ந்த மத்திய நரம்பு மண்டலத்தையும் இந்த வியாதி தொடுகிறது என்பதைக் குடும்பங்களில் பேசக் கேட்டதில்லை. கண்ணின் விழித்திரைகூடக் கருவில் மூளையிலிருந்தே முளைத்து வளர்வதாகும். அப்படியானால் கண் மருத்துவர் விழித்திரையில் இரத்தக் கசிவைக் காணும்போது, மூளையின் ஒரு துண்டையே நேரில் காண்கிறார் என்று சொல்லலாம்.

மூளைக்கு மாவுப் பானை இல்லை

மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் நாம் உண்டு பெறும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். தசை தன்னிடம் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது, கல்லீரல் சேமிக்கிறது, மூளையில் சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. இரத்தம் அந்தந்த நிமிடம் கொண்டுவந்து கொடுப்பதைக் கொண்டே அது பிழைக்கிறது. மேலும், தசை சர்க்கரையை உள்ளே இழுக்க இன்சுலினை எதிர்பார்க்கிறது. மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. ஆகையால் இரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அதன் முழு வேகமும் மூளையின்மேல் விழுகிறது.

இறங்குவதே உடனடியான ஆபத்து. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்நிலைச் சர்க்கரை. முதலில் உடல் எச்சரிக்கும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. 54க்குக் கீழே போகும்போது மூளை பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. அப்போது வருவது வேறு விதமானது. பேச்சு குழறும். பார்வை இரண்டாகும். சாதுவான மனிதர் காரணமின்றிச் சீறுவார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் தளர்ந்து, பக்கவாதம் போலவே தோன்றும். பிறகு வலிப்பு, மயக்கம். அதே நிலையில் நெடுநேரம் கிடந்தால், பிழைத்து எழுந்தவரின் நினைவாற்றல் திரும்பாமலே போவதும் உண்டு.

அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. உடலின் எச்சரிக்கை மணி நாளடைவில் மங்கிவிடுகிறது. வியர்வையோ நடுக்கமோ இல்லாமல் நேரே குழப்பத்துக்குள் போய்விடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சில வகை மாத்திரைகளை உண்பவர்களுக்கும் படபடப்பு தெரியாமல் போகலாம்.

யாருக்கு இது வரும்? இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்கிறவர்களுக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்கு இது அரிது. உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்திருப்பது நம் நாட்டில் சாதாரணம்.

இங்கே நம்முடைய வழக்கம் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை ஆகாரம் இல்லாமல் இரண்டு பேருந்து மாறி ஆராதனைக்கு வருகிறவர்களை நான் அறிவேன். ஆராதனை ஒரு மணிக்கு முடியும் என்று நாங்கள் சொல்வோம். முடிவது இரண்டு மணிக்கு. அது எங்கள் தவறு. உபவாச நாட்களில் நிலைமை இன்னும் மோசம். ஆரோக்கியமான மனிதன் உபவாசம் இருக்கும்போது கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொடுக்கிறது. நாட்கள் நீண்டால் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளை உண்டாக்கி மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் இன்சுலினும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையும் அந்த இரண்டு வழிகளையும் அடைத்துவிடுகின்றன. ஆகவே மருந்தை உண்டுவிட்டு உபவாசம் இருப்பவரின் மூளைக்குச் சர்க்கரையும் இல்லை, மாற்று எரிபொருளும் இல்லை. உபவாசிக்க விரும்புகிறவர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் சோர்ந்து கிடந்தபோது, தூதன் அவருக்கு முதலில் காண்பித்தது அப்பமும் தண்ணீரும்தான்.

இதற்கு நேர்மாறான தவறு, "சுகம் பெற்றேன்" என்று சொல்லி இன்சுலினைத் தாமாக நிறுத்துவது. சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவில், இன்சுலின் நின்ற சில நாட்களுக்குள் இரத்தம் அமிலமாகி, மூச்சு வாங்கி, நினைவு தப்பிவிடும். சாட்சி சொல்லுங்கள், தடையில்லை. பரிசோதனைச் சீட்டு அதை உறுதி செய்து மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள்.

ஏறினாலும் மயக்கம்

தூத்துக்குடித் தாயாருக்கு நேர்ந்தது இந்த வகை. முதியவர்களுக்குக் காய்ச்சலோ, நீர்க்கடுப்போ, வெயிலோ, மருந்து விட்டுப்போனதோ ஏதேனும் ஒன்று காரணமாகச் சர்க்கரை 600ஐத் தாண்டும்போது, சிறுநீர் வழியே நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடல் வற்றுகிறது. மூளையின் அணுக்களும் வற்றுகின்றன. நாட்கணக்கில் மெல்ல மெல்லச் சோர்வு, தடுமாற்றம், பிறகு மயக்கம். சிலருக்கு ஒரே கையிலோ முகத்தின் ஒரு பக்கத்திலோ மட்டும் வலிப்பு வெட்டி வெட்டி வரும். சிலருக்குக் கண்முன் இல்லாத நிறங்களும் ஒளிகளும் தோன்றும். இவற்றைத் தரிசனம் என்று நினைத்தவர்களும் உண்டு, பில்லிசூனியம் என்று நினைத்தவர்களும் உண்டு. இந்த வலிப்பு, வலிப்பு மாத்திரையைவிட உப்புநீருக்கும் இன்சுலினுக்குமே நன்றாகக் கட்டுப்படுகிறது. எனவே காரணத்தை அறியாமல் வைத்தியம் செய்தால் பயன் குறைவு.

இந்த நகரம் இந்நோயை நெடுங்காலமாக அறிந்தது. பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் நீரிழிவால் வாடி, 1884 ஜனவரியில், 45ஆம் வயதில் இங்கே மறைந்தார். 1866இல் இயேசு கிறிஸ்துவைப் பற்றி இந்நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவு அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அவருடைய நாளில் இந்நோய்க்கு மருந்தென்று ஒன்றும் இல்லை. கனடாவின் டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது 1922 ஜனவரியில்தான். அதற்குப்பின் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜே. பி. போஸ் நீரிழிவை ஆராய்ந்தார். சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்றோ, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு இவ்வியாதி இருப்பதாகக் கணக்கிடுகிறது. வீட்டுக்கு வந்தவரை ஒரு சந்தேஷாவது தின்னாமல் அனுப்பாத ஊரில் நாம் குடியிருக்கிறோம். குளிர்காலத்தில் புதுப் பனைவெல்லத்தில் செய்த இனிப்பை வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கே மிகுந்த கிருபை தேவைப்படுகிறது.

மெல்ல வரும் சேதம்

இதுவரை சொன்னவை ஓரிரவில் வருபவை. ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வரும் சேதம் வேறு. மூளையின் ஆழத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் சுவர்களை, அதிகச் சர்க்கரை நாளடைவில் தடிக்கச் செய்கிறது. அவை ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. பயறு அளவிலான சிறிய சேதங்கள் அங்கங்கே உண்டாகும்; அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. நடை சற்றே குறுகும். கணக்குப் போடத் தாமதமாகும். பெரிய குழாய் அடைபட்டால் பக்கவாதம். நீரிழிவு உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்பும் சர்க்கரையையே முதலில் பார்ப்பார்கள். ஏனெனில் தாழ்நிலைச் சர்க்கரை பக்கவாதத்தைப்போல் வேடம் போடும் என்று மேலே சொன்னேன்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 6,000க்கும் அதிகமான முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 1999இல் வெளியிட்ட முடிவு இது: நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அல்ஸைமர் நோயை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்றே சில ஆராய்ச்சியாளர்கள் அழைக்கிறார்கள். அது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் அன்று; பெயர் கவர்ச்சியாக இருப்பதால் பரவிவிட்டது.

வீட்டில் உள்ளவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறதி தொடங்கிய முதியவர், ஊசி போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொள்வார். அல்லது ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவார். சர்க்கரை இறங்கும், மூளை இன்னும் சேதமாகும், மறதி கூடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய், தாத்தா பகல் முழுவதும் தனியே இருக்கும் நகரத்து வீடுகளில் இது நடக்கிறது. மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் டப்பா ஒன்றை வாங்குங்கள். ஊசியை உங்கள் கையாலேயே போடுங்கள்.

முதியவர்களின் சர்க்கரையை மிகவும் கடுமையாகக் குறைக்க முயலவும் வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000க்கும் அதிகமானோரை வைத்து நடந்த 'அக்கார்ட்' ஆய்வில், சர்க்கரையை மிகக் கீழே கொண்டுவந்த பிரிவில் மரணங்கள் கூடியதால், 2008இல் அந்தப் பிரிவின் சிகிச்சையையே நிறுத்தினார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி சோதனையில் பலருக்கு 7க்குக் கீழே என்பது இலக்கு. தளர்ந்த முதியவருக்கு 8 வரை இருக்கலாம் என்று மருத்துவரே சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைப் பார்த்து நீங்கள் ஏங்க வேண்டியதில்லை.

தண்டுவடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உண்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துவிடுகிறது. நெடுநாள் குறைந்திருந்தால் தண்டுவடத்தின் பின்பகுதி கெட்டு, இருட்டில் நடக்கத் தள்ளாடும்; கண்ணை மூடி முகம் கழுவும்போது விழப் பார்ப்பார்கள். "சுகர் நரம்புக்கோளாறு" என்று சொல்லி விட்டுவிடாமல், பி12 அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசியும் மாத்திரையும் மலிவானவை; காலத்தில் கொடுத்தால் குணம் தெரியும்.

சர்க்கரை வியாதி உள்ளவரின் பேச்சிலோ, நடத்தையிலோ, அசைவிலோ திடீர் மாற்றம் கண்டால், முதல் காரியமாக விரலில் குத்திப் பாருங்கள். ஜெபத்துக்கு அது தடையல்ல. ஒரு நிமிட வேலை. 70க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று நான்கு சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். பிறகு உணவு கொடுங்கள். சாக்லேட் பயன்படாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அவர் வோக்ளிபோஸ் அல்லது அக்கார்போஸ் சேர்ந்த மாத்திரை உண்பவரானால் வீட்டுச் சர்க்கரையும் உடனே பலன் தராது. அந்த மருந்து அதன் செரிமானத்தையே தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கருவி 'ஹை' காட்டினாலும், எந்த எண்ணானாலும் குழப்பமோ வலிப்போ இருந்தாலும், அதே வழிதான். கருவி இல்லையென்றால், விழுங்கக்கூடியவருக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு அந்த நான்கு கரண்டியால் பெரிய கெடுதல் வராது. இறங்கியிருப்பவருக்கு அது உயிர்.

மொழி தெரியாத ஊரில் மெட்ரோ ரயிலில் குழறிப் பேசிக்கொண்டு விழுகிறவனைக் குடிகாரன் என்று எண்ணி ஒதுங்கிவிடுவார்கள். ஆதலால் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும். உங்கள் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவற்றை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். "ஆமார் சுகார் ஆச்சே" என்ற மூன்று வார்த்தைகளை, எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்பதற்காக, பாட்டிமார்களும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். சென்னை மெயிலில் ஊருக்குப் போகும்போது பயணம் ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. மருந்தையும் உணவையும் மேல்தட்டில் இருக்கும் பெட்டிக்குள் பூட்டாமல் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோரின் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று, அவர்கள் வந்திறங்கிய அன்றே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஆராதனை மண்டபத்தில் இப்போது காணிக்கை உறைகள் இருக்கும் அலமாரியிலேயே ஒரு சர்க்கரைக் கருவியும், ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பொடியும் இருக்கின்றன. அந்தச் செவிலியர் சகோதரி வாலிபர்கள் நால்வருக்கு அதை உபயோகிக்கப் பழக்கியிருக்கிறார். நீங்களும் ஒன்று வாங்கி வைப்பதானால், சோதனைப் பட்டைகளின் டப்பா மூடியை இறுக மூடி வையுங்கள். நம் ஊர் மழைக்கால ஈரம் பட்டால் அவை பொய்க்கணக்குச் சொல்லும்.